படைக்கலமும் சட்டமும்

நுழையும்முன்

படைக்கலத்தை யார் வைத்திருக்கலாம் என்னும் வினா, அதிகாரம் யாரிடம் உள்ளது என்னும் வினாவோடு பிணைந்தது. அயலாட்சி அதற்கு ஒரு விடை கூறியது. விடுதலை பெற்ற நாடு வேறொரு விடை கண்டது. அவ்விரண்டையும் ஒப்பிட்டு அறிவோம்.

ஆரணி மண்ணில்

பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற ஆரணிப் பகுதியைச் சேர்ந்த ஊர் முள்ளிப்பட்டு. தறியொலி கேட்கும் இவ்வட்டாரத்தில் ஒருகாலத்தில் பீரங்கிகள் முழங்கின. 1751இல் இராபர்ட் கிளைவும், 1782இல் ஐதர் அலியை எதிர்த்து அயர் கூட்டும் ஆரணியில் போரிட்டனர். இத்தகைய போர்களால் வலுப்பெற்ற கிழக்கிந்தியக் கம்பெனி, பின்னர் மக்களிடமிருந்த படைக்கலங்களைப் பறிக்க முனைந்தது. தென்பாண்டிச் சீமையில் மருது சகோதரர்களை 1801 அக்டோபரில் தூக்கிலிட்டது. அவ்வாண்டு டிசம்பரில், பாளையக்காரர்களின் கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களை ஒப்படைக்கவும் ஆணையிட்டது.

நிறம் பார்த்த சட்டம்

1878இல் லிட்டன் பிரபு காலத்தில் படைக்கலச் சட்டம் இயற்றப்பட்டது. உரிமமின்றி இந்தியர் ஆயுதம் வைத்திருப்பது குற்றமாயிற்று. ஐரோப்பியருக்கோ விலக்கு அளிக்கப்பட்டது. உரிமம் கேட்டது அன்று. நிறம் பார்த்து விலக்கு அளித்ததே மக்களைப் புண்படுத்தியது. 1931ஆம் ஆண்டுக் கராச்சி காங்கிரஸ், ஒழுங்குமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் தாங்கும் உரிமையை அடிப்படை உரிமைகளுள் ஒன்றாகத் தீர்மானித்தது.

குடியரசின் விடை

அவ்வுரிமையை அரசியலமைப்பில் சேர்க்குமாறு 1948 டிசம்பரில் அரசியலமைப்பு அவையில் எச். வி. காமத் திருத்தம் முன்மொழிந்தார். குற்றம் புரிவோரும் அதனை உரிமையாகக் கோருவர் என அம்பேத்கர் மறுத்தார். திருத்தம் ஏற்கப்படவில்லை. மாறாக, ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையை உறுப்பு 19 வழங்கியது. அமெரிக்காவிலோ 1791இல் ஏற்கப்பட்ட இரண்டாம் திருத்தம், ஆயுதம் தாங்குவதை மக்களின் உரிமையாகக் காக்கிறது. ஒரே வினாவுக்கு இரு நாடுகளின் வரலாறு இருவேறு விடைகளைத் தந்தது.

1959ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டம் உரிம முறையைத் தொடர்ந்தது. பயிரைக் காக்க விரும்பும் உழவரும் உரிமம் கோரலாம். உரிமத்தை மறுக்கும் அலுவலர் அதற்கான காரணத்தை எழுத்தில் பதிதல் வேண்டும். மறுக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்யலாம். 2019ஆம் ஆண்டுத் திருத்தம், ஒருவர் வைத்திருக்கத்தக்க துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது.

எனினும், உரிமமின்றிச் செய்யப்படும் நாட்டுத்துப்பாக்கிகள் இன்னும் உயிர்களைப் பறிக்கின்றன. அவற்றைத் தடுக்கச் சட்டம் மட்டும் போதாது. உரிமம் வழங்குவோரின் நடுவுநிலையும், அண்டை அயலார் ஒருவரையொருவர் அஞ்சாது வாழும் நிலையும் வேண்டும். சட்டம் தமக்கும் பிறருக்கும் ஒன்றே என்று நம்பும் மக்களே அதனை மனமுவந்து காப்பர்.

தெரிந்து தெளிவோம்

கர்நாடகத்தின் குடகுப் பகுதியில் குடவர்களுக்கும் ஜம்மா நில உரிமையாளர்களுக்கும் துப்பாக்கி உரிமத்திலிருந்து விலக்கு உண்டு. ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கிய இவ்விலக்கை நடுவண் அரசு 2029 வரை நீட்டித்துள்ளது.

கற்பவை கற்றபின்...

1. 1878, 1959 ஆகிய ஆண்டுகளின் படைக்கலச் சட்டங்களை ஒப்பிட்டு ஒரு பக்கக் கட்டுரை எழுதுக.
2. ‘குடகு மக்களுக்கான விலக்கு தொடரலாமா?’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.