நாலு நாடு, ஒரு போர் விமானம்: கூட்டு சேர்ந்து பணம் போடுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க



"நாங்க மூணு பேர் சேர்ந்து ஒரு மனை வாங்கலாமா?" "அண்ணனோட சேர்ந்து கூட்டுக் கடன் எடுக்கலாமா?" சம்பளம் வாங்க ஆரம்பிச்ச ரெண்டு மூணு வருஷத்துல எல்லாருக்கும் வர்ற கேள்விதான் இது. பதிலை ஒரு போர் விமானத்தோட கணக்குல இருந்து கத்துக்கலாம். அதோட பெயர் யூரோஃபைட்டர் டைஃபூன்.

ஏன் கூட்டு?

வானத்துலயும் சண்டை போடணும், தரை இலக்கையும் தாக்கணும். இப்படி ஒரு விமானத்தை வடிவமைக்க ஆகுற செலவு, 100 விமானம் செஞ்சாலும் 700 செஞ்சாலும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். அதிக விமானத்துக்குப் பிரிச்சா தலைக்கு விழுறது குறையும். அதனால 1980-களில் பிரிட்டன், மேற்கு ஜெர்மனி, இத்தாலி, ஸ்பெயின், பிரான்ஸ் அஞ்சு நாடும் ஒண்ணா உட்கார்ந்து பேசினாங்க.

பாடம் 1: தேவை ஒண்ணா இருக்கணும்

பிரான்ஸுக்கு விமானந்தாங்கிக் கப்பல்ல இறங்குற, எடை குறைவான விமானம் வேணும். வடிவமைப்புத் தலைமையும் தன் கையில இருக்கணும். மத்தவங்க ஒத்துக்கல. 1985-ல் பிரான்ஸ் வெளியேறி, முழுச் செலவையும் தானே சுமந்து உருவாக்கினதுதான் ரஃபேல். 2012-ல் இந்தியாவின் 126 விமான டெண்டரில் கடைசிச் சுற்றுல மோதினதும் இதே ரெண்டு விமானம்தான். விலை குறைவுன்னு தேர்வானது ரஃபேல். அந்த டீல் முடியாம, 2016-ல் 36 ரஃபேலுக்குத் தனியா ஒப்பந்தம் ஆச்சு.

பாடம் 2: சூழ்நிலை மாறும்

யார் எத்தனை விமானம் வாங்குறாங்களோ, அந்த விகிதத்துல அவங்க நாட்டுக்கு வேலை. இதுதான் விதி. முதல் திட்டத்துல மொத்தம் 765 விமானம். பனிப்போர் முடிஞ்சது, ஜெர்மனிக்கு நாட்டு இணைப்புச் செலவு வந்தது, ஆர்டர் சுருங்கி 620 ஆச்சு:

- பிரிட்டன்: 250-லிருந்து 232
- ஜெர்மனி: 250-லிருந்து 180
- இத்தாலி: 165-லிருந்து 121
- ஸ்பெயின்: 100-லிருந்து 87

ஆர்டரைக் குறைச்ச ஜெர்மனி, வேலைப் பங்கை மட்டும் விட்டுக்கொடுக்க விரும்பல. நீண்ட பேரத்துக்கு அப்புறம்தான் 33%-லிருந்து சுமார் 30%-க்கு இறங்கி வந்தது.

பாடம் 3: முடிவெடுக்குறதுக்கும் ஒரு விலை உண்டு

இடது இறக்கை இத்தாலியில, வலது இறக்கை ஸ்பெயின்ல. கடைசியா விமானத்தைப் பூட்டி முடிக்க நாலு நாட்டுலயும் தனித்தனி ஆலை. பெரிய முடிவு எதுவா இருந்தாலும் நாலு பேரும் தலையாட்டணும். பிரிட்டன் தணிக்கை அமைப்பின் 2011 அறிக்கைப்படி, அந்த நாடு வாங்குறது 232-லிருந்து 160-ஆகக் குறைஞ்சது. ஆனா வடிவமைப்பு, தயாரிப்புச் செலவு முதல் மதிப்பீட்டைவிட 350 கோடி பவுண்டு கூடி 2,020 கோடி பவுண்டு ஆச்சு. ஒரு விமானத்துக்கான செலவு 75% ஏறிப்போச்சு.

அப்போ கூட்டு தப்பா? இல்லை. விமானம் 2003-லிருந்து படைகளுக்குப் போகுது, சவுதி அரேபியா, கத்தார் மாதிரி நாடுகளும் வாங்கியிருக்கு. கூட்டுல செலவு மட்டும் பிரியுறதில்ல, முடிவெடுக்குற உரிமையும் பிரியுது. இதைப் புரிஞ்சுக்கிட்டு இறங்கணும், அவ்வளவுதான்.

கையெழுத்துக்கு முன்னாடி கேட்க வேண்டியவை

1. எல்லாருக்கும் ஒரே தேவையா? ஒருத்தர் வீடு கட்டவும் இன்னொருத்தர் அஞ்சு வருஷத்துல விற்கவும் நினைச்சா, இன்னைக்கே பேசுங்க.
2. யாருக்கு எவ்வளவு பங்குன்னு பத்திரத்துலயே இருக்கா?
3. ஒருத்தருக்கு வேலை போனா ஈஎம்ஐ யார் கட்டுவாங்க? கூட்டுக் கடன்ல "என் பாதியைக் கட்டிட்டேன்"னு பேங்க்ல சொல்ல முடியாது. முழுக் கடனுக்கும் ஒவ்வொருத்தரும் பொறுப்பு. தவணை தவறினா ரெண்டு பேர் சிபில் ஸ்கோரும் அடிவாங்கும்.
4. வெளியேறுறவர் பங்கை யார், எந்த விலைக்கு வாங்குவாங்க?

நாலுக்கும் பதிலை எழுதி, வக்கீல்கிட்ட காட்டி, எல்லாரும் கையெழுத்து போடுங்க. "நம்ம பசங்கதானே"ன்னு விட்டுடாதீங்க. உறவு நல்லா இருக்கும்போது எழுதுறதுதான் சுலபம்.