நம்பிக்கைகளும் உண்மைகளும்: நிறம் பார்த்து வயர் முடியலாமா?

காலபோக அறுவடை தொடங்கினால் பரந்தன் சந்தியில் இரவிலும் உழவு இயந்திரங்கள் ஓயாது. ஏ-9 வீதியில் பஸ்களும் கொள்கலன் லொறிகளும் வேகம் குறையாமல் வந்துகொண்டிருக்க, முல்லைத்தீவுக்குப் போகும் ஏ-35 வீதிப் பக்கமிருந்து நெல்மூடை ஏற்றிய பெட்டிகள் வந்து திரும்பும். ஒரே பெட்டியை எப்போதும் ஒரே வாகனம் இழுப்பதில்லை. தண்ணீர் பவுசரை இன்றைக்கு உழவு இயந்திரம் இழுத்தால் நாளைக்கு லொறி இழுக்கும். சொக்கற் ஒத்துவராவிட்டால் இடையில் ஓர் இணைப்பு வயர் செய்து பூட்டுவார்கள். அதில் பிழையில்லை. அதைச் செய்யும்போது வழிகாட்டியாகக் கொள்கிற நம்பிக்கைகளில்தான் பிழை இருக்கிறது. நிறத்துக்கு நிறம் முடிந்தால் சரி என்பது ஒன்று. எண்ணுக்கு எண் கொடுத்தால் சரி என்பது இன்னொன்று. கொளுக்கியே ஏர்த், தனி வயர் தேவையில்லை என்பது மூன்றாவது. மூன்றிலும் நடப்பது ஒன்றுதான்: ஒரு வயர் என்ன வேலை செய்கிறது என்பதைச் சோதிக்காமல், அதன் தோற்றத்தை நம்பிவிடுகிறோம்.

முதலில் நிறம். பெட்டிகளுக்கான சர்வதேச ஒழுங்கில் வெள்ளை ஏர்த், மஞ்சள் இடது சிக்னல், பச்சை வலது சிக்னல், சிவப்பு பிறேக் விளக்கு. கறுப்பும் மண்ணிறமும் இடது, வலது பின்விளக்குகள். இரண்டு பக்கமும் இந்த ஒழுங்கில் இருந்தால் நிறம் பார்த்து முடிவதால் கெடுதல் வராது. ஆனால் பழைய பிரித்தானிய வாகனங்களில் பின்பற்றப்பட்ட லூக்கஸ் ஒழுங்கில் கறுப்பு ஏர்த், சிவப்பு பின்விளக்கு. அப்படி வயர் ஓடிய ஓர் உழவு இயந்திரத்தின் சிவப்பைப் பெட்டியின் சிவப்போடு முடிந்து பாருங்கள். பின்விளக்கைப் போட்டதும் பெட்டியின் பிறேக் விளக்குகள் எரியத் தொடங்கி, இரவு முழுக்க எரிந்துகொண்டே இருக்கும். பிறேக் மிதித்தாலும் பின்னால் வருகிறவருக்கு எந்த மாற்றமும் தெரியாது. கறுப்பைக் கறுப்போடு முடிந்தால் இடது பின்விளக்கும் போய், பெட்டிக்கு ஏர்த்தும் இல்லாமல் போகும். வன்னியில் நிறத்தை நம்பக்கூடாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1990-களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பற்றரிகூட இங்கே வரமுடியவில்லை. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட சனம் இது. வாகனம் ஓடவேண்டும் என்றால் கையில் கிடைத்த வயர்தான். அந்தக் கைத்திறனை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் பல கைகள் பட்டுத் திருத்தப்பட்ட ஒரு வாகனத்தில் வயரின் நிறம் எதற்கும் சாட்சியாகாது.

நிறத்தை நம்பாதவர்கள் எண்ணைப் பிடிக்கிறார்கள். சொக்கற்றின் முனைகளுக்குப் பக்கத்தில் 1 முதல் 7 வரை எண் பொறித்திருக்கும், ஒன்றுக்கு ஒன்று, இரண்டுக்கு இரண்டு கொடுத்தால் போதும் என்பது அவர்கள் கணக்கு. இதுதான் எனக்கு மூன்றிலும் ஆபத்தானதாகப் படுகிறது, ஏனென்றால் பார்வைக்கு ஒழுங்கான வேலைபோலத் தெரியும். 12 வோல்ற் வாகனங்களின் ஏழு முனைச் சொக்கற்றில் ஏர்த் மூன்றாம் முனையில் இருக்கிறது. பிறேக் விளக்கு ஆறாவது, வலது சிக்னல் நான்காவது. 24 வோல்ற் லொறிகளின் ஏழு முனைச் சொக்கற்றிலோ ஏர்த் முதலாம் முனை, பிறேக் நான்காவது, வலது பின்விளக்கு ஆறாவது. இவற்றை எண்ணுக்கு எண் முடிந்தால், லொறிக்காரர் பிறேக் மிதிக்கும்போது பெட்டியில் வலது சிக்னல் எரியும். பின்விளக்கைப் போட்டால் பிறேக் விளக்கு எரியும். லொறியின் இடது சிக்னல் மூன்றாம் முனையில் வருவதால், அதைப் போடும் ஒவ்வொரு முறையும் பெட்டியின் ஏர்த்துக்கே மின் போகும். கொளுக்கி வழியாக அது லொறியின் உடலில் முட்டினால் பியூஸ் எரியும். படம் பார்த்துச் செய்கிறவர்களும் ஒன்றைக் கவனிக்கவேண்டும்: சொக்கற்றை முன்பக்கமிருந்து வரைந்த படத்தை வைத்துக்கொண்டு பின்பக்கத்தில் வயர் பூட்டினால் இடமும் வலமும் மாறிவிடும்.

கொளுக்கி ஏர்த்தைப் பற்றிச் சொல்லும்போது, அது வேலை செய்கிறதே என்பார்கள். உண்மைதான், நிற்கும்போது வேலை செய்யும். கொளுக்கியில் துருவும் கிறீசும் சேற்றுப்படலமும் இருக்கும். பள்ளத்தில் குலுங்கும்போது தொடுகை விட்டுவிட்டு வரும். ஏர்த் அறுந்த அந்தக் கணத்தில் மின்சாரம் வேறு பல்புகள் வழியாகத் திரும்பப் பார்க்கும். பிறேக் மிதித்தால் பின்விளக்கும் சிக்னலும் சேர்ந்து மங்கலாக மினுங்குவது அதனால்தான். அதைக் கண்டதும் பல்பை மாற்றுகிறார்கள். குற்றம் பல்பில் இல்லை. தனி ஏர்த் வயர் போட்டாலும் மெல்லிய வயர் உதவாது, ஏனென்றால் மற்ற வயர்கள் தனித்தனியாகக் கொண்டுபோவதை எல்லாம் ஏர்த் ஒன்றே திருப்பிக் கொண்டுவருகிறது. இரண்டு 21 வாற் பிறேக் பல்ப், ஒரு 21 வாற் சிக்னல், இரண்டு 5 வாற் பின்விளக்கு சேர்ந்து எரிந்தால் 73 வாற், 12 வோல்ற்றில் ஏறத்தாழ 6 அம்பியர். அரைச் சதுர மில்லிமீற்றர் செப்பு வயர் எட்டு மீற்றர் ஓடினால் அதில் மட்டும் 1.7 வோல்ற் கரைந்துபோகும். இழை பல்பின் ஒளி வோல்ற் குறைவதைவிட மிக வேகமாகக் குறைவதால், ஒளியில் ஐந்தில் இரண்டு பங்கு போய்விடும். ஏர்த்துக்கு இரண்டரைச் சதுர மில்லிமீற்றர் வயர் போட்டால் அந்த இழப்பு ஐந்தில் ஒன்றாகும்.

உழவு இயந்திரம் 12 வோல்ற், பெரிய லொறி பெரும்பாலும் 24. எந்த இணைப்பு வயரும் இந்த வித்தியாசத்தைத் தானாகச் சரிசெய்யாது. 12 வோல்ற் பல்பு 24-இல் உடனே எரிந்துபோகும், அதனால் பிழை தெரிந்துவிடும். 24 வோல்ற் பல்பை 12-இல் போட்டால் ஒளி ஏறத்தாழப் பத்தில் ஒன்றாகக் குறைந்து, தணல்போலச் சிவந்து நிற்கும். எரிகிறதுதானே என்று விட்டுவிடுவார்கள். லொறியின் இரண்டு பற்றரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ற் எடுக்கும் பழக்கமும் வேண்டாம். ஒரு பற்றரி எப்போதும் குறைச் சார்ஜிலும் மற்றது மிகைச் சார்ஜிலும் கிடந்து இரண்டும் கெடும். உழவு இயந்திரத்துக்கும் லொறிக்கும் மாறிமாறிப் பூட்டும் பெட்டிக்கு 10 முதல் 30 வோல்ற் வரை ஏற்கும் எல்ஈடி விளக்குகளைப் போடுவதுதான் சுலபமான வழி.

வயலுக்கும் ஆலைக்கும் இடையில் கொஞ்சத் தூரம், பின்னால் ஒளிதெறிப்பான் ஒட்டினால் போதாதா என்று கேட்கலாம். ஒட்டத்தான் வேண்டும். ஆனால் பின்னால் வருகிறவரின் வெளிச்சம் பட்டால்தான் அது தெரியும். பெட்டி நிற்கப்போகிறதா, திரும்பப்போகிறதா என்று அது சொல்லாது. சந்தியில் தேவைப்படுவது அந்தச் செய்திதான். மீற்றர் வைத்துப் பார்த்தேன், 12 காட்டியது என்பதும் பதிலாகாது. மீற்றர் மிகச் சிறிதளவு மின்னையே இழுக்கிறது, அதனால் ஒற்றை இழையில் தொங்கும் மூட்டும் அதற்கு முழு வோல்ற் காட்டும். 21 வாற் பல்ப் ஒன்றில் இரண்டு வயர் பூட்டி அதையே சோதனை விளக்காக வைத்துக்கொள்ளுங்கள். இழுக்கும் வாகனத்தில் சுவிட்சுகளை ஒவ்வொன்றாகப் போட்டு, எந்த முனை எதற்கு உயிர்பெறுகிறது என்று எழுதுங்கள். பெட்டிப் பக்கத்தில் பெட்டியின் விளக்குகளுக்குரிய வோல்ற் உள்ள பற்றரியிலிருந்து, பியூஸ் போட்ட வயரால் முனை முனையாகக் கொடுத்து, எந்த விளக்கு எரிகிறது என்று எழுதுங்கள். பிறகு வேலைக்கு வேலை முடியுங்கள். கடைசியாகப் பின்விளக்கு, பிறேக், சிக்னல் மூன்றையும் ஒன்றாகப் போட்டு, ஒருவர் பெட்டிக்குப் பின்னால் நின்று பார்க்கட்டும்.