பந்தயக் காரில் ஏறிய சிகரெட் பெட்டி

கேள்வி: ஃபார்முலா ஒன் கார்களில் விளம்பரம் ஒட்டும் வழக்கம் எப்போது வந்தது? காருக்குச் சம்பந்தமே இல்லாத சரக்கை விற்கிறவர்கள் அதில் ஏன் பணத்தைக் கொட்டுகிறார்கள்?

பதில்: 1968-இல் வந்தது. அதுவரை காருக்கு நிறம் தந்தது நாடு: பிரிட்டன் என்றால் பச்சை, இத்தாலி சிவப்பு, பிரான்ஸ் நீலம். டயர், எண்ணெய் கம்பெனிகள் செலவைத் தாங்கின. அவற்றின் பெயர் ஓரத்தில் சிறு ஸ்டிக்கராக இருக்கும். அவற்றில் சில கையை இழுத்துக்கொண்ட வேளையில் வெளி விளம்பரத்துக்கு அனுமதி கிடைத்தது. 1968 ஜனவரி 1 அன்று தென்னாப்பிரிக்காவின் கியாலாமியில் ரொடீஷியாவின் ஜான் லவ், ‘கன்ஸ்டன்’ சிகரெட்டின் நிறம் பூசிய காரை ஓட்டினார். சில மாதங்களில் லோட்டஸ் அணியின் காலின் சாப்மனும் பச்சையைக் கைவிட்டு, ‘கோல்டு லீஃப்’ சிகரெட் பெட்டியின் சிவப்பு, வெள்ளை, பொன்னிறத்தைக் கார் முழுக்கப் பூசினார். மே மாதம் ஸ்பெயினில் கிரஹாம் ஹில் அந்தக் காரில் ஜெயித்தபோது, முதலில் கோட்டைத் தாண்டியது ஒரு சிகரெட் பெட்டி.

சிகரெட்காரர்கள் ஏன் முந்தினார்கள் என்பதில்தான் உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை இருக்கிறது. பிரிட்டனில் 1965-லும் அமெரிக்காவில் 1971-லும் டி.வி.யில் சிகரெட் விளம்பரம் தடைசெய்யப்பட்டது. விளம்பரமாக நுழைய முடியாத திரையில் விளையாட்டாக நுழையலாமே! பந்தயக் கார் ஓடும் சுவர். காமிரா தானே அதைத் துரத்தும். டி.வி.காரர்களுக்கும் இது புரிந்தே இருந்தது. 1976-இல் சர்ட்டீஸ் அணியின் காரில் ‘டியூரெக்ஸ்’ ஆணுறையின் பெயர் வந்ததும், பிபிசி பந்தயத்தை ஒளிபரப்ப மறுத்தது.

காரைப் பார்த்துவிட்டு யாராவது சிகரெட் வாங்குவார்களா என்று கேட்கலாம். உடனே கடைக்கு ஓட மாட்டார்கள்தான். ஆனால் நிறம் மனசில் ஒட்டிக்கொள்ளும். 2005-இல் ஐரோப்பிய ஒன்றியம் புகையிலை விளம்பரத்தைப் பந்தயத்திலிருந்தும் விலக்கிய பிறகு, ஃபெராரி காரில் பெயர் எதுவுமின்றி ‘பார்கோடு’ போன்ற வெறும் கோடுகள் இருந்தன. அவை ‘மார்ல்பரோ’ சிகரெட் பெட்டியை நினைவூட்டுகின்றன என்று புகார் எழுந்தது. ஃபெராரி மறுத்தது, ஆனாலும் 2010 மே மாதம் கோடுகளை எடுத்துவிட்டது. நாற்பது ஆண்டுப் பழக்கத்தில், எழுத்தே இல்லாத கோடுகளைக் கூட ஜனங்கள் வாசிக்கக் கற்றிருந்தார்கள்.

சிகரெட் பணம் போனால் பந்தயம் படுத்துவிடும் என்ற பயமும் பலிக்கவில்லை. அங்கே விலைபோவது பார்ப்பவரின் கவனம். அதை வாங்க மற்ற யாருக்கும் தடையில்லை. துணி விற்கும் பெனட்டன் 1986-லேயே சொந்தப் பெயரில் அணி இறக்கியது. 2004 கடைசியில் பானம் விற்கும் ரெட் புல், ஜாகுவார் அணியையே விலைக்கு வாங்கியது. சுவரை வாடகைக்கு எடுத்தவர்கள் வெளியேறிய வேளையில், சுவரையே வாங்க ஆள் இருந்தது.