ஸ்வெட்டரை விடு, ஐடி கார்டைக் கவனி



தம்பி, உன் படத்தின் ரஃப் கட் பார்த்தேன். வாசலில் நீல ஸ்வெட்டரோடு நுழைகிறவன் சமையலறையில் சாம்பல் ஜாக்கெட்டில் நிற்கிறான். ஜன்னலுக்கு வெளியே மரம் ஒரு ஷாட்டில் இலையோடு, அடுத்ததில் மொட்டையாக. வாரமெல்லாம் ஆபீஸ், சனி ஞாயிறு ஷூட்டிங் என்றால் அக்டோபரும் டிசம்பரும் ஒரே காட்சியில் முட்டிக்கொள்ளத்தான் செய்யும். அதற்காக ரீஷூட் வேண்டாம். முதல் தடவை நான் சிரித்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் தடவைதான் ஸ்வெட்டரே கண்ணில் பட்டது. சட்டை பொருந்துகிறதே என்று சுமாரான டேக்கை வைத்திருந்தால் அந்தச் சிரிப்பு வந்திருக்காது.

ஐடி கார்டு சமாசாரம் வேறு. நண்பனின் கார்டை மாட்டிக்கொண்டு மேனேஜரை ஏமாற்றுவதுதான் உன் கதையே. குட்டு உடையும் காட்சியில் கார்டின் கயிறு திடீரென்று சிவப்பானால், இது யார் கார்டு என்று பார்க்கிறவன் குழம்பிவிடுவான். 'தில்லு முல்லு'வில் (1981) ரஜினிக்கு மீசை இருந்தால் இந்திரன், இல்லாவிட்டால் சந்திரன். அங்கே சட்டை எப்படிப் போனாலும் போகட்டும். ஒரு ஷாட்டில் மீசை தப்பினால் படமே காலி.

சரி, கார்டில் இருக்கும் போட்டோவை மேனேஜர் ஏன் பார்ப்பதே இல்லை? இந்த ஓட்டையை அடைக்க நீ எழுதியிருக்கும் விளக்க வசனத்தைத் தூக்கிவிடு. அது வந்த பிறகுதான் எனக்கே சந்தேகம் வந்தது. 'தில்லு முல்லு'வில் முதலாளி தேங்காய் சீனிவாசனுக்கு மீசை மேல் அப்படியொரு மரியாதை. அதைத் தாண்டி முகத்தை எங்கே பார்ப்பார்? 'அவ்வை சண்முகி'யில் (1996) ஜெமினி கணேசனும் மணிவண்ணனும் மாமி வேஷம் போட்ட ஆணிடம் மயங்கிக் கிடக்கிறார்கள். மயங்கினவன் தாடையை உற்றுப் பார்ப்பானா? உன் மேனேஜரையும் லேப்டாப்பிலிருந்து தலை நிமிராத ஆளாக்கிவிடேன். முதல் காட்சியிலேயே அதை வைத்து ஒரு சிரிப்பும் கிடைக்கும்.

எப்படி எடுத்தாலும் குறை சொல்ல ஆள் இருப்பார்கள். 'மப்பெட் ஷோ'வில் பால்கனியில் உட்கார்ந்து நொட்டை சொல்லும் இரண்டு கிழவர்களில் ஒருவர் பெயர் வால்டோர்ஃப். ஆஸ்டர் குடும்பத்தோடு உங்கள் ஊரான வால்டோர்ஃபிலிருந்து கிளம்பி, நியூயார்க் ஹோட்டல் வழியாக அங்கே போய்ச் சேர்ந்த பெயர் அது!

இனிமேல் ஒவ்வொரு ஷாட் முடிந்ததும் நடிகரை மொபைலில் முன்னும் பின்னும் படம் எடுத்து வை. பட்டன், வாட்ச், தலைமுடி எல்லாம் தெரிய வேண்டும். காட்சிக்கு ஒரு பை வைத்து, அதன் உடைகளைப் படம் முடியும்வரை வீட்டுக்குக் கொடுத்தனுப்பாதே. கார்டு காட்சியை மட்டும் இந்தச் சனிக்கிழமை திரும்ப எடு. ஜன்னல் பக்கத்து ஷாட்களை முதலில் முடி. டிசம்பரில் அங்கே நாலரைக்கே இருட்டிவிடும்.