நிரப்பும் நாளின் கணக்கு

அன்பின் மகனுக்கு,



பக்கத்து வளவுக் காக்காவுக்காகக் காசு சேர்க்கத் தொடங்கப் போகிறாய் என்று உன் உம்மா சொன்னார். மோட்டார் சைக்கிள் விபத்தில் முள்ளந்தண்டு அடிபட்டவர். அவருடைய கால்கள் விறைத்துத் துடிப்பதைப் பார்த்த எவருக்கும் சும்மா இருக்க மனம் வராது. வயிற்றுத் தோலுக்கடியில் பம்ப் வைத்து, முள்ளந்தண்டுக்குள் மருந்து செலுத்தும் சிகிச்சையைப் பற்றித் தேடிப் படித்திருக்கிறாய், வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் விலையும் கேட்டிருக்கிறாய். நல்ல காரியம். ஆனால் நீ கேட்டது பம்ப் வைக்கும் செலவை மட்டும்தான். மருந்து கொடுக்கும் வேலையிலேயே காலம் கழித்தவன் நான். வைத்த பிறகு வருகிற செலவைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

விறைப்பைக் குறைக்கும் பாக்லோஃபென் குளிசையைக் காக்கா விழுங்குகிறாரே, அது குருதியில் கலந்து உடம்பு முழுக்கப் போகிறது. முள்ளந்தண்டுக்குள் இருக்கும் முண்ணாணைச் சேர்வது சொற்பம். அதனால்தான் விறைப்பு குறைவதற்கு முன்பே தூக்கமும் தலைச்சுற்றும் வந்துவிடுகின்றன. அதே மருந்தை முண்ணாணைச் சூழ்ந்த திரவத்துக்குள் நேரடியாக விட்டால், மில்லிகிராம் கணக்கில் கொடுத்ததை மைக்ரோகிராம் கணக்கில் கொடுத்தாலே போதும். சிக்காகோவில் ரிச்சர்ட் பென், ஜெஃப்ரி குரோயின் என்ற இருவர் 1984இல் இதை முதன்முதலில் எழுதி வெளியிட்டார்கள். 1992இல் அமெரிக்கா இதற்கு அனுமதி கொடுத்தது. பலன் உண்மையானது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நீ உயர்தரத்தில் உயிரியல் படிப்பவன், இந்தக் கணக்கைப் போட்டுப் பார். பம்பின் தொட்டி 20 மில்லிலீற்றர் கொள்ளும் என்று வை. மில்லிலீற்றருக்கு 500 மைக்ரோகிராம் செறிவுள்ள மருந்தை நிரப்பினால் மொத்தம் 10,000 மைக்ரோகிராம். நாளுக்கு 400 போனால் 25 நாளில் தீர்ந்துவிடும். 2,000 மைக்ரோகிராம் செறிவென்றால் அதே தொட்டி 100 நாள் வரும். தொட்டியை வற்ற விடக்கூடாது என்பதால் இரண்டிலும் சில நாள் முன்னதாகவே போக வேண்டும். ஆக, எந்தச் செறிவில் மருந்து கிடைக்கும் என்ற ஒரு கேள்வியிலேயே வருடத்துக்கு நாலு பயணமா பதினைந்துக்கும் மேற்பட்ட பயணமா என்பது அடங்கியிருக்கிறது. விலை கேட்டபோது இதைக் கேட்டாயா?

நிரப்புவதும் சாதாரண ஊசி போடுவது போன்ற வேலை இல்லை. வயிற்றைக் கிருமிநீக்கித் துடைத்து, பம்பின் நடுவாய் எங்கே இருக்கிறது என்று அச்சுத்தகடு வைத்துப் பார்த்து, தனி வகை ஊசியைத் தோல் வழியாக அதற்குள் இறக்குவார்கள். முதலில் மிச்ச மருந்தை உறிஞ்சி எடுத்து அளப்பார்கள். இருக்க வேண்டிய அளவும் இருக்கிற அளவும் பொருந்தாவிட்டால் பம்பிலோ குழாயிலோ கோளாறு என்று அர்த்தம். பிறகுதான் புது மருந்து, வடிகட்டி வழியாக, மெதுவாக. ஊசி தவறி மருந்து தோலுக்கடியில் போய்விட்டால் அளவு மீறி மயக்கமும் மூச்சுத் திணறலும் வரலாம். பழகிய கை வேண்டும். நிரப்பி முடிந்ததும் வெளியிலிருந்து ஒரு கருவியைப் பிடித்து, தொட்டியில் எவ்வளவு இருக்கிறது, நாளுக்கு எவ்வளவு போக வேண்டும் என்று பம்புக்குப் பதிந்து கொடுப்பார்கள். வைத்த புதிதில் சரியான அளவு பிடிபடும் வரை இந்த மறுபதிவுக்காகவே பல தடவை போக வேண்டியிருக்கும்.

இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விலை உண்டு. அமெரிக்காவில் மருந்துக்கு ஒன்று, நிரப்புவதற்கு ஒன்று, பதிவுக்கு ஒன்று, ஆஸ்பத்திரிக்கு ஒன்று என்று பில் வரும். முதியோருக்கான மெடிகெயார் காப்புறுதி இருந்தாலும், மேலதிகக் காப்புறுதி இல்லாதவர் பொதுவாக ஐந்தில் ஒரு பங்கைக் கைக்காசில் கட்ட வேண்டும், அதுவும் ஒவ்வொரு தடவையும். பிரித்தானியாவில் அரச சுகாதார சேவை மூலம் பம்ப் வைத்தவர் இதற்குக் கட்டுவதில்லை. பம்பின் மின்கலமும் நிரந்தரமில்லை. பரவலாக வைக்கப்படும் வகை ஒன்றில் 4 முதல் 7 வருடம். அது தீர்ந்தால் மின்கலத்தை மட்டும் மாற்ற முடியாது. பம்பையே எடுத்துவிட்டுப் புதிது வைக்க வேண்டும், இன்னொரு சத்திரசிகிச்சை.

நமக்கு இதைவிடப் பெரிய கவலை தவணை தவறுவது. பாக்லோஃபென் திடீரென்று நின்றால் உடம்பு அரிக்கும், விறைப்பு முன்னைவிடக் கடுமையாகத் திரும்பும், காய்ச்சல் ஏறும், தசை சிதைந்து உயிரே போகலாம். அமெரிக்க அதிகாரிகள் இந்த மருந்தின் விவரத்தாளில் கறுப்புக் கட்டம் போட்டு எச்சரிக்கை அச்சிட வைத்தது இதற்காகத்தான். கார்த்திகை மாரியில் மாவடிப்பள்ளி வீதி வெள்ளத்தில் மூழ்குவதை நீ பார்த்திருக்கிறாய். நிரப்பும் நாள் அந்த வாரத்தில் வந்தால்? 2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது, சாதாரணக் குளிசைக்கே வெறுங்கையோடு திரும்பிய முகங்களை நான் மறக்கவில்லை. தூரமும் ஒரு செலவு. நம் ஊரிலிருந்து மட்டக்களப்புக்குச் சுமார் 40 கிலோமீற்றர்தான். ஆனால் கொழும்புக்கோ கடல் கடந்தோ என்றால், படுத்த மனிதரைக் கொண்டுபோக வேன் ஹயர், கூடப் போகிறவரின் நாட்கூலி, தங்குமிடம் என்று மருந்தின் விலையையே மிஞ்சிவிடும்.

இன்னொன்றும் பார். நம் அரச ஆஸ்பத்திரியில் வைத்தியரைப் பார்க்கக் காசு கிடையாது. படுக்கைப் புண், சிறுநீர்த் தொற்று, அடைத்த சிறுநீர்க் குழாய், மலச்சிக்கல் எல்லாமே விறைப்பைக் கூட்டும். இவற்றைச் சரிசெய்து, குளிசையின் அளவை வைத்தியர் திருத்தி, உடற்பயிற்சி சிகிச்சை ஒழுங்காக நடந்தாலே சிலருக்குப் பம்ப் தேவைப்படாது. முதலில் அஷ்ரஃப் ஞாபகார்த்த ஆஸ்பத்திரி கிளினிக்குக்குக் கொப்பியோடு கூட்டிப்போ. ராகம புனர்வாழ்வு ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கிடைக்குமா என்றும் அங்கே கேள்.

அதற்குப் பிறகும் பம்ப்தான் வழி என்று வைத்தியர் சொன்னால் தயங்காதே. ஆனால் ஒரு ஜும்ஆவோடு முடிகிற வசூலாக அதைத் தொடங்காதே. மாதாமாதம் தருவோம் என்று ஸகாத் நிதியமும் கட்டாரில் இருக்கும் நம் பிள்ளைகளும் வாக்குக் கொடுத்த பிறகு தொடங்கு. யார் நிரப்புவார், எங்கே, எந்தச் செறிவில், ஒரு தடவைக்கு மொத்தம் எவ்வளவு, தவணை தவறினால் இரவில் யாரை அழைப்பது என்று அந்த ஆஸ்பத்திரியிடம் எழுத்தில் வாங்கு. அந்தத் தாளைக் கொண்டு வா. பள்ளி நிருவாகத்திடம் பேச நானும் உன்னோடு வருகிறேன்.

வஸ்ஸலாம்.
உன் சாச்சா