லேண்ட்ரோவர் ரேடியோவில் சத்தமில்லை: கடைக்காரர் பொறுப்பா?

கேள்வி: ஐயா, ஹாபு பக்கம் தேயிலைத் தோட்டத்தில் குடியிருக்கிறோம். அப்பாவின் பழைய லேண்ட்ரோவரில் பிரிஞ்சாங்குக்குக் காய்கறி ஏற்றிப் போகிறேன். ஈப்போவில் ஒரு கடையில் 680 வெள்ளி கொடுத்து ரேடியோவும் நான்கு ஸ்பீக்கரும் போட்டேன். முழுக்கத் திருகினாலும் மின்னல் எஃப்.எம். முனகுகிறது. கேட்டால், “இன்ஜின் இரைச்சல்தான் காரணம். இது வியாபார வண்டி வேறு. விற்ற பொருளைத் திரும்ப வாங்க மாட்டோம், ரசீதிலேயே போட்டிருக்கிறது” என்கிறார். நண்பர் ஒருவர் பிரித்துப் பார்க்கிறேன் என்கிறார். எனக்காக நீங்கள் வழக்குப் போட முடியுமா?
- ரிங்லெட் வாசகர்

பதில்: நண்பரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். அவர் ஒரு திருகைக் கழற்றினாலும், “வேறு ஆள் கைவைத்துவிட்டான்” என்று கடைக்காரர் தப்பித்துக்கொள்வார்.

எதையும் பிரிக்காமல் நீங்களே சோதிக்கலாம். வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டு யூ.எஸ்.பி.யில் ஒரு பாட்டைப் போடுங்கள். அது கணீரென்று ஒலித்து எஃப்.எம். மட்டும் மங்கினால், அலைவரிசை சரியாகக் கிடைக்கவில்லை என்று அர்த்தம். மலை மடிப்புகளுக்குள் அப்படித்தான் இருக்கும், அதற்குக் கடைக்காரர் என்ன செய்வார்? ஆனால் அலை நன்றாகக் கிடைக்கும் இடத்திலும் இதே கதி என்றால் ஏரியல் செருகியைச் சந்தேகிக்க வேண்டும். அதைச் செருகியது அவர்தான். யூ.எஸ்.பி.யும் முனகினால், பேலன்ஸை முழுக்க இடப்பக்கம் தள்ளுங்கள். இரண்டு பக்கமும் பாடும்போது இல்லாத கனத்த ஒலி ஒரு பக்கம் மட்டும் பாடும்போது வந்தால், ஏதோ ஒரு ஸ்பீக்கரின் பிளஸ், மைனஸ் ஒயர்கள் மாறியிருக்க வாய்ப்பு அதிகம். ஃபேடரை முன்னும் பின்னும் தள்ளி, நான்கும் பாடுகின்றனவா என்றும் பாருங்கள். எல்லாவற்றையும் கைப்பேசியில் படம் பிடித்து வையுங்கள்.

சட்டத்தில் எந்தப் பிரிவைப் பிடிப்பது என்பதும் இந்தச் சோதனையில்தான் தெரியும். 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் பொருளின் தரத்துக்கு 32ஆம் பிரிவு, செய்த வேலையின் திறமைக்கு 53ஆம் பிரிவு. ஒயர் மாறியிருந்தால் ரேடியோ நல்லதாகவே இருக்கலாம், வேலைதான் கோளாறு. “ரேடியோவுக்கு மட்டும்தான் வாரண்டி, பொருத்திய கூலிக்கு இல்லை” என்ற பேச்சு அங்கே எடுபடாது.

இன்ஜின் இரைச்சல் என்ற சாக்கு முழுப் பொய்யல்ல. பழைய லேண்ட்ரோவரில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. ஆனால் வண்டியைக் காட்டி, “இதற்கு ஏற்றதாகக் கொடுங்கள்” என்று நீங்கள் கேட்டு, அவர் சொன்னதை நம்பி வாங்கியிருந்தால் 33ஆம் பிரிவு உங்கள் பக்கம் பேசும். அந்த உரையாடல் வாட்ஸ்அப்பில் இருக்கிறதா என்று தேடுங்கள். பெட்டியில் ‘50 வாட் × 4’ என்று அச்சிட்டிருப்பதை மட்டும் பெரிதாகப் பிடித்துக்கொள்ள வேண்டாம். அது உச்ச அளவு. 12 வோல்ட்டில் ஓடும் சாதாரண செட் தொடர்ந்து தருவது அதில் பாதிகூட இராது.

வியாபார வண்டி என்பதும் வலுவான வாதமல்ல. ரேடியோ, மக்கள் சொந்த உபயோகத்துக்கு வாங்கும் வகைப் பொருள். நீங்கள் அதை மறுவிற்பனைக்கு வாங்கவில்லை. ஆகவே நீங்கள் பயனீட்டாளர்தான். ரசீது வாசகத்தைக் கண்டும் பயப்பட வேண்டாம். சட்டம் தரும் உரிமையை ஒரு ரசீது வரியால் பறிக்க முடியாது, 6ஆம் பிரிவு அதற்குத்தான் இருக்கிறது.

சரிசெய்யக்கூடிய கோளாறு என்றால், நியாயமான அவகாசம் கொடுத்து முதலில் அவரையே சரிசெய்யச் சொல்ல வேண்டும். எழுத்தில் கேளுங்கள், 14 நாள் போதும். மறுத்தாலோ இழுத்தடித்தாலோ வேறு பட்டறையில் பார்த்து அந்தச் செலவை அவரிடம் கோரலாம், பொருளில் கோளாறு என்றால் அதைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தையும் கேட்கலாம். நண்பருக்கு அப்போதுதான் வேலை.

அதற்கும் மசியவில்லை என்றால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. கட்டணம் 5 வெள்ளி, பாரம் 1, இணையத்திலும் பதியலாம். 2019இல் உச்சவரம்பை 50,000 வெள்ளியாக உயர்த்தினார்கள். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் போக வேண்டும். தீர்ப்பை 14 நாளில் நிறைவேற்றாவிட்டால் அது குற்றம், சிறைத் தண்டனைகூட உண்டு.

நான் வர முடியுமா என்றால், முடியாது. அந்த மன்றத்தில் வழக்கறிஞர் வைத்து வாதாடச் சட்டம் இடம் தருவதில்லை, அது இரு தரப்புக்கும் பொருந்தும். 680 வெள்ளிக்கு என்னைப் போன்றவருக்குக் கூலி கொடுத்தால் உங்களுக்கு மிஞ்சுவது ஒன்றுமில்லை. ரசீது, படங்கள், நீங்கள் எழுதிய கடிதத்தின் நகல், இந்த மூன்றோடு நீங்களே போங்கள்.