வீக்கம் தணிக்கும் மாத்திரையும் டிங்கிக் காய்ச்சலும்

பால் வெட்டும்போது கத்தி விரலில் பட்டாலும், புதரிலிருந்து குளவி கொட்டினாலும், அவ்விடம் சிவந்து வீங்குவதை நாம் காண்கிறோம். இவ்வீக்கம் எவ்வாறு உண்டாகிறது?

நமது நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவர், நெருக்கமாகப் பதித்த ஓடுகள் போன்ற உயிரணுக்களால் ஆனது. காயம் பட்டதும் ஹிஸ்டமின், புரோஸ்டாகிளாண்டின் முதலிய பொருள்கள் அங்கே சுரக்கின்றன. அவற்றால் குழாய்கள் விரிகின்றன. உயிரணுக்களுக்கிடையே இடைவெளி தோன்றுகிறது. இரத்தத்தின் நீர்ப்பகுதி அவ்வழியே சதைக்குள் கசிகிறது. அதுவே வீக்கம்.

ஆஸ்பிரின் போன்ற மருந்துகள் புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியைத் தடுக்கின்றன என்பதை 1971ஆம் ஆண்டில் இங்கிலாந்து அறிஞர் ஜான் வேன் கண்டறிந்தார். 1982இல் நோபல் பரிசு பெற்ற மூவருள் அவரும் ஒருவர். அப்பொருள் குறையும்போது குழாய்களின் விரிவும் கசிவும் குறைகின்றன. வலியும் வீக்கமும் தணிகின்றன.

ஆயின், எல்லாக் கசிவுக்கும் இம்மருந்து பொருந்தாது. டிங்கிக் காய்ச்சலிலும் இரத்தக் குழாய்கள் கசிகின்றன. அக்கசிவு ஓரிடத்தில் மட்டுமன்றி உடலெங்கும் நிகழ்கிறது. கிருமியாலும், அதனை எதிர்க்க உடல் சுரக்கும் பல பொருள்களாலும் விளையும் அதனை இம்மாத்திரைகள் அடைப்பதில்லை. மாறாக, ஆஸ்பிரின், ஐபுபுரொபென், டைக்குளோபினாக், மெபினாமிக் அமிலம் ஆகியவை வயிற்றைப் புண்ணாக்கி, இரத்தம் உறைவதையும் தடுத்து, இரத்தப்போக்கை உண்டாக்கக்கூடும். இரத்தப்போக்குடன் கூடிய கடுமையான டிங்கி 1962ஆம் ஆண்டிலேயே பினாங்கில் காணப்பட்டது.

ஆகவே, ஈப்போ சிலிபினில் வாழ்வோராயினும் பேராக் தோட்டப்புறங்களில் வாழ்வோராயினும், காய்ச்சல் கண்டால் வீட்டில் எஞ்சியுள்ள வலி மாத்திரையை விழுங்குதல் கூடாது. பாராசித்தமோல் மட்டும், குறித்த அளவில் உட்கொள்ளலாம். நீராகாரம் நிறைய அருந்தி, மருந்தகம் சென்று இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். இருதய நோய்க்காக ஆஸ்பிரின் உண்போர் அதனை மருத்துவரிடம் தெரிவித்தல் அவசியம்.

காய்ச்சல் இறங்கியதும் நோய் தீர்ந்ததென எண்ணி வேலைக்குச் செல்லுதல் ஆபத்தானது. மூன்றாம் நாள் முதல் ஏழாம் நாள் வரை, காய்ச்சல் தணியும் வேளையிலேதான் கசிவு மிகுகிறது. கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம், மிகுந்த சோர்வு ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் உடனே மருத்துவமனையை நாடுக.

வெட்டாத மரங்களின் மங்குகளில் மழைநீர் தேங்கினால் ஏடிஸ் கொசு பெருகும். அம்மங்குகளைக் கவிழ்த்து வைப்போம், குடும்பத்தாரைக் காப்போம்.